வேறு கம்பெனி வீல் ஏறும், ஆனால் உட்காருமா?

"நாலு ஓட்டைதானண்ணே, ஏறிரும்."

பழைய அலாய் (அலுமினியக் கலவை) வீல் செட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று ராமநாதபுரத்திலோ கீழக்கரையிலோ ஒரு டயர் கடையில் பேச்செடுத்தால், பெரும்பாலும் வரும் பதில் இதுதான். சொல்பவர் பொய் சொல்லவில்லை. நான்கு ஓட்டை வீல் நான்கு போல்ட் காரில் பல நேரம் ஏறத்தான் செய்யும். நட்டும் முடுக்கலாம், வண்டியும் நகரும். பட்டணம்காத்தான் வரை போய்த் திரும்பினால் ஒரு குறையும் தெரியாது. உச்சிப்புளி தாண்டி நேர் ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகம் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும். நாலு பேர் ஏறி வேகத்தடையில் இறங்கினால் பின் டயர் எங்கோ உரசும். ஒரு மாதம் கழித்து நட்டு ஒன்று கையோடு சுற்றும்.

வீல் ஏறுவது வேறு, உட்காருவது வேறு. ஒரு ஸ்டீல் ஸ்கேல், நுணுக்கமாக அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர், ஒரு நேர்க்கட்டை, ஒரு மணி நேரம் இருந்தால், பணம் கொடுக்கும் முன்பே இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

குக்கர் மூடி

வீட்டில் இரண்டு கம்பெனி குக்கர் இருந்தால் இது எளிதாகப் புரியும். இரண்டும் 5 லிட்டர்தான். இதன் மூடியை அதன் மேல் வைத்தால் பார்வைக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கேஸ்கெட் பொருந்தாது, பிடி பூட்டாது, அடுப்பில் ஏற்றினால் ஆவி ஓரமாகச் சீறும். லிட்டர் ஒன்றாக இருந்தது என்பதற்காக மூடி பொருந்திவிடவில்லை. பூட்டு, விளிம்பு, உயரம் என்று லிட்டரில் சொல்லாத அளவுகள் இருக்கின்றன.

வீலில் "15 இன்ச்" என்பது அந்த லிட்டர் மாதிரி. அதைத் தவிர, ஓட்டைகள் அமைந்த வட்டம், நடு ஓட்டை, நட்டின் வடிவமும் மரையும், வீல் உள்ளே தள்ளி நிற்கும் அளவு, பிரேக்குக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி ஆகிய ஐந்தும் ஒத்துவர வேண்டும். நான்கு சரியாக இருந்து ஒன்று தவறினாலும் வீல் உட்காராது.

வீலைப் பிடித்திருப்பது எது?

அளவுகளுக்குப் போகும் முன் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். "வண்டியின் எடையை நாலு நட்டுதான் தாங்குது" என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

காரின் அச்சு முனையில் வீலோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டுதான் ஹப். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரை போட்ட கம்பிகள் ஸ்டட். நட்டை முடுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீளும். நீண்டது சுருங்கப் பார்க்கும். அந்த இழுவிசைதான் வீலின் முகத்தை ஹப் முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் (முடுக்கும் திருகுவிசையின் அலகு) அளவுக்கு நட்டை முடுக்கினால், ஒவ்வொரு நட்டும் தோராயமாக 3 முதல் 4 டன் விசையில் அழுத்தும். அந்த அழுத்தத்தில் இரண்டு உலோக முகங்களுக்கு இடையே எழும் உராய்வுதான் ஓட்டத்தையும் பிரேக்கையும் குழியில் விழும் அடியையும் தாங்குகிறது.

ஆகவே இரண்டு முகமும் முழுதாக ஒட்ட வேண்டும். நடுவில் துரு, பெயின்ட், மணல் எது இருந்தாலும் ஓட ஓட அது நசுங்கும். நசுங்கிய அளவுக்கு ஸ்டட்டின் இழுவை தளரும். நட்டு தானாகக் கழல்கிறது என்று சொல்கிறோமே, பாதி நேரம் நடப்பது இதுதான்.

ஓட்டைகள் அமர்ந்த வட்டம்

வீலின் நட்டு ஓட்டைகள் எல்லாவற்றின் மையத்தையும் தொட்டுக்கொண்டு ஒரு வட்டம் வரைந்தால், அதன் விட்டம்தான் பி.சி.டி. கடைக்காரர் "நாலு நூறு" என்றால், நான்கு ஓட்டை, 100 மில்லிமீட்டர் வட்டம் என்று பொருள்.

மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20, ஹோண்டா சிட்டி, டொயோட்டா எட்டியாஸ் எல்லாம் நாலு நூறு. "நாலு ஓட்டைன்னா ஏறிரும்" என்ற நம்பிக்கை இந்தக் கூட்டத்தைப் பார்த்து வந்ததுதான். ஆனால் ஃபோர்டு ஃபிகோ நாலு ஓட்டைதான், வட்டம் 108. செவர்லே ஸ்பார்க் 114.3. ஃபியட் புன்ட்டோ 98. ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கும் டொயோட்டா இன்னோவாவுக்கும் ஐந்து ஓட்டை. முன்னது 100, பின்னது 114.3. (டாடா நானோ வந்த புதிதில் மூன்று நட்டுதான். தொடக்க கால ரெனோ க்விட்டும் அப்படியே.)

இதில் ஆபத்தானது ஃபியட்டின் 98தான். 108-ஐ 100-இல் மாட்டப் பார்த்தால் ஏறவே ஏறாது, அதோடு முடிந்தது. 98-க்கும் 100-க்கும் இடையே ஒவ்வொரு ஓட்டையும் வட்டத்தில் 1 மில்லிமீட்டர்தான் விலகி நிற்கும். ஓட்டையில் இருக்கும் தளர்வில் வீல் ஏறிவிடும், நட்டும் பிடிக்கும். ஆனால் நட்டு சாய்வாக உட்காரும், ஸ்டட் ஒரு பக்கமாக வளைந்தபடியே சுற்றும். வளைந்து வளைந்து ஒருநாள் ஒடியும். லேத்தில் ஓட்டையை ராவிக் கொடுப்பவர்களும் உண்டு. ராவிய ஓட்டையில் நட்டு அமரும் சரிவு போய்விடுகிறது. அந்த வீலை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அளப்பது எளிது. நான்கு, ஆறு ஓட்டை வீல்களில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத்திலிருந்து மையத்துக்கு நேராக அளக்கலாம். மையத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம் என்பதால், ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் இடது விளிம்பு வரை அளவுங்கள், அதே அளவுதான். ஐந்து ஓட்டையில் நேரெதிர் ஓட்டை கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மையத் தூரத்தை அளந்து 1.701-ஆல் பெருக்க வேண்டும். 58.8 வந்தால் 100. 63.5 வந்தால் 108. 65.8 வந்தால் 112. 67.2 வந்தால் 114.3. 108-க்கும் 112-க்கும் வித்தியாசம் வெறும் 2.3 மில்லிமீட்டர் என்பதால் டேப்பை நம்ப வேண்டாம், வெர்னியர்தான் சரி.

இதுவரை பார்த்தது: ஓட்டை எண்ணிக்கையும் வட்டமும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். "கிட்டத்தட்ட" என்பதற்கு இங்கே இடமில்லை.

நடு ஓட்டையும் வளையலும்

வீலின் நடுவில் உள்ள பெரிய ஓட்டை சென்டர் போர். ஹப்பின் நடுவே ஒரு குமிழ் முன்தள்ளி நிற்கும். இந்த ஓட்டை அதன் மேல் இறங்கும்போதுதான் வீல் சரியான மையத்தில் நிற்கிறது.

வளையல் கடையில் நடப்பதுதான் இங்கும். சின்ன வளையல் கையில் ஏறாது. பெரிய வளையல் ஏறும், ஆனால் கையில் ஆடும். வீல் ஆடக் கூடாது. மண்டபத்திலோ பாம்பனிலோ விசைப்படகு வேலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இலை அளவு ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வேறு துளை உள்ள ப்ரொப்பல்லரை யாரும் ஷாஃப்டில் திணிப்பதில்லை.

ஸ்விஃப்ட்டின் ஹப் குமிழ் 54.1 மில்லிமீட்டர். ஐ20-க்கும் எட்டியாஸுக்கும் அதே 54.1. ஹோண்டா சிட்டிக்கு 56.1. எல்லாமே நாலு நூறுதான். ஆனால் ஸ்விஃப்ட் வீலை சிட்டியில் மாட்ட முடியாது, 54.1 ஓட்டை 56.1 குமிழில் இறங்காது. சிட்டி வீல் ஸ்விஃப்ட்டில் ஏறிவிடும், சுற்றிலும் 1 மில்லிமீட்டர் சந்து இருக்கும். அந்தச் சந்தில் வீல் எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறதோ அங்கேயே நட்டு இறுகிவிடும். கடையில் பேலன்சிங் மெஷினில் அதே வீல் நேராகச் சுற்றும், ஏனென்றால் மெஷின் அதை நடு ஓட்டையை வைத்துத்தான் பிடிக்கிறது. காரில் மாட்டினால் 80-இல் நடுங்கும். "மூணு தடவை பேலன்ஸ் பண்ணியாச்சு, இன்னும் ஆடுது" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தச் சந்து இருக்கும்.

தீர்வு விலை குறைந்தது: ஹப் ரிங். வெளிவிட்டம் வீலின் ஓட்டைக்கும் உள்விட்டம் காரின் குமிழுக்கும் பொருந்தும் மெல்லிய வளையம். மேலே சொன்ன சிட்டி வீலுக்கு 56.1-க்கு 54.1 ரிங் நான்கு வேண்டும். பிளாஸ்டிக்கிலும் வரும், அலுமினியத்திலும் வரும். யாரைக் கேட்டாலும் அலுமினியம்தான் உறுதி என்பார்கள். ஆனால் இந்தக் கடலோரத்துக்கு நல்ல தரமான பிளாஸ்டிக் ரிங்தான் சரி. அலுமினிய ரிங் உப்பில் ஹப்போடு ஒட்டிக்கொண்டு, அடுத்த பஞ்சருக்கு வீலைக் கழற்ற விடாது. ரிங்கின் வேலை வீலை மையத்தில் நிறுத்துவது மட்டும்தான். பாரம் தாங்குவது இரண்டு முகங்களின் பிடிப்பு என்று மேலே பார்த்தோம்.

நட்டு: வடிவம் ஒன்று, மரை ஒன்று

நட்டில் இரண்டு விஷயம். ஒன்று, வீலின் ஓட்டையில் அமரும் அதன் மூக்கின் வடிவம். கூம்பு மாதிரிச் சரிவாக இருக்கலாம், பந்து மாதிரி உருண்டையாக இருக்கலாம், வாஷரோடு தட்டையாக இருக்கலாம். மற்றொன்று மரையின் இடைவெளி, அதாவது பிட்ச்.

மூக்கு வீலுக்குப் பொருந்த வேண்டும்; மரை காருக்குப் பொருந்த வேண்டும். இந்த ஒரு வரி நினைவில் இருந்தால் குழப்பமே வராது.

ஸ்விஃப்ட்டின் ஸ்டட் 12 மில்லிமீட்டர், பிட்ச் 1.25. நட்டின் மூக்கு கூம்பு. ஹோண்டாவின் ஸ்டட்டும் 12 மில்லிமீட்டர்தான், ஆனால் பிட்ச் 1.5, மூக்கு உருண்டை. இப்போது சிட்டியின் கம்பெனி அலாயை ஸ்விஃப்ட்டில் மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிட்டி நட்டு ஸ்விஃப்ட் ஸ்டட்டில் ஒன்றிரண்டு சுற்று ஏறி நின்றுவிடும். கையில் நின்றதை ஏர் கன்னால் அடித்தால் மரை போய்விடும். ஸ்விஃப்ட் நட்டைப் போட்டால் மரை சரி, ஆனால் கூம்பு மூக்கு உருண்டைக் குழியில் ஒரு மெல்லிய கோட்டில்தான் தொடும். அந்தக் கோடு நசுங்க நசுங்க நட்டு தளரும். தேவைப்படுவது 1.25 மரையும் உருண்டை மூக்கும் உள்ள நட்டு. அது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. அந்த நட்டு கைக்கு வராமல் அந்த வீலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

ஐ20 வீல் ஸ்விஃப்ட்டுக்கு வந்தால் கதை சுலபம். வட்டம் ஒன்று, நடு ஓட்டை ஒன்று, இரண்டிலும் கூம்பு. ஐ20-இன் நட்டு மட்டும் 1.5 மரை என்பதால் அதை ஒதுக்கிவிட்டு ஸ்விஃப்ட்டின் சொந்த நட்டையே போடலாம். போலோவில் ஸ்டட்டே கிடையாது. 14 மில்லிமீட்டர் போல்ட் ஹப்புக்குள் இறங்கும், அதன் மூக்கும் உருண்டை.

நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்பதையும் எண்ணுங்கள். ஸ்டட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு நீளமாவது மரை பிடித்திருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 1.5 பிட்ச் என்றால் குறைந்தது 8 முழுச் சுற்று, 1.25 என்றால் 10. ஸ்டீல் ரிம்மை விட அலாயின் தட்டு தடிமனாக இருப்பதால் இந்த எண்ணிக்கை குறைய வாய்ப்புண்டு.

வட்டம் சரி, நடு ஓட்டை சரி, நட்டு சரி என்றால் வீல் ஹப்பில் உட்கார்ந்துவிட்டது. இனி அது காரின் உடம்பில் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

நிலைக்கதவும் ஆஃப்செட்டும்

இதுதான் புதியவர்களைக் குழப்பும் இடம். வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது அங்குலச் சுவர். அதில் நிலையை எங்கே நிறுத்துவது என்று கொத்தனார் கேட்பார். சுவரின் நடுவிலா, தெருப்பக்கம் தள்ளியா, உள்பக்கம் தள்ளியா?

சுவரின் தடிமன்தான் ரிம்மின் அகலம். நிலை நிற்கும் இடம்தான் ஹப்போடு ஒட்டும் முகம். ரிம்மின் அகலத்தில் சரிபாதிக் கோட்டிலிருந்து அந்த முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ, அதுவே ஆஃப்செட். முகம் தெருப்பக்கம், அதாவது வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் எண் கூடும். நம் ஊர் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான். நிலை தெருப்பக்கம் தள்ளினால் சுவரின் பெரும்பகுதி வீட்டுக்குள் நிற்பது போல, எண் கூடக் கூட வீல் காருக்குள் போகும். எண் குறையக் குறைய வெளியே வரும்.

வீலின் பின்பக்கத்தில், ஆரத்தின் (ஸ்போக்கின்) மேல், ஆங்கில எழுத்தில் "15 × 6 ஜே ஈடி 45" என்பது போலப் பொறித்திருக்கும். 15 இன்ச் விட்டம், 6 இன்ச் அகலம், 45 மில்லிமீட்டர் ஆஃப்செட். துருவிலும் பெயின்ட்டிலும் அது மறைந்திருந்தால் அளந்துவிடலாம். டயர் இல்லாத ரிம்மை முகம் கீழே இருக்கும்படி அட்டை மேல் கவிழ்த்து வையுங்கள். பின்விளிம்பின் மேல் நேர்க்கட்டையைக் குறுக்காக வைத்து, அதிலிருந்து ஹப்போடு ஒட்டும் முகம் வரை ஆழத்தை அளவுங்கள். பிறகு விளிம்பிலிருந்து விளிம்பு வரை மொத்த அகலம். ஆழம் 128, மொத்த அகலம் 166 என்று வந்தால், 166-இல் பாதி 83. 128-இல் 83 போக 45. டயரோடு அளக்கும்போது கட்டை டயரின் புடைப்பில் உட்கார்ந்து கணக்கைக் கெடுக்கும், கவனம்.

இப்போது 6 ஜே, ஆஃப்செட் 45 உள்ள ஒரிஜினல் வீலுக்குப் பதில் 7 ஜே, ஆஃப்செட் 35 வீல் வருகிறது. அகலம் ஒரு இன்ச், அதாவது 25.4 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. பக்கத்துக்கு 12.7. ஆஃப்செட் 10 குறைந்ததால் மொத்த வீலும் 10 மில்லிமீட்டர் வெளியே நகரும். ஆக வெளிப்பக்கம் 22.7 மில்லிமீட்டர் கூடுதலாகத் துருத்தும், உள்பக்கம் 2.7 மில்லிமீட்டர் கூடுதலாகப் போகும். உங்கள் மட்கார்டு விளிம்புக்கும் டயருக்கும் இப்போது எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று பார்த்து, இந்த எண்களைக் கழித்தால் விடை வந்துவிடும்.

கம்பெனி எண்ணிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் தொந்தரவு அரிது. 10-ஐத் தாண்டினால் ஹப் பேரிங்கின் மேல் நெம்பும் விசை கூடும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கலாம், மழையில் டயர் அள்ளும் சேறு கதவு முழுக்கத் தெறிக்கும். வெளியே துருத்தி நிற்பது அழகு என்று நினைப்பவர்கள் பேரிங் விலையையும் விசாரித்து வைப்பது நல்லது.

உள்ளே இடம் இருக்கிறதா?

ஹப்பில் உட்கார்ந்த வீல், பிரேக் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரில் இடிக்கலாம். ஆரத்தின் வளைவு ஒவ்வொரு டிசைனிலும் ஒவ்வொரு மாதிரி என்பதால், எண்களை வைத்து இதைச் சொல்ல முடியாது. மாட்டித்தான் பார்க்க வேண்டும். சப்பாத்தி மாவில் சிறு உருண்டை எடுத்து காலிப்பரின் மேட்டில் இரண்டு மூன்று இடத்தில் அப்புங்கள். வீலை மாட்டி, நட்டைக் கையால் இறுக்கி, ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். கழற்றி, மாவு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் நின்றிருந்தால் சரி. உள்பக்கம் ஒட்டும் பேலன்சிங் ஈயத்துக்கும் இடம் வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்து ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, டயர் ஷாக் அப்சார்பரையோ உள் பிளாஸ்டிக்கையோ தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்பக்கத்துக்கு, பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குவதே போதும். உரசினால் டயரின் தோளில் பளபளப்பான கோடு விழும்.

டயரின் உயரம்

வீலோடு டயரும் சேர்ந்து வந்தால் அதன் மொத்த உயரத்தைக் கணக்கிடுங்கள். 185/65 ஆர் 15 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 15 இன்ச். 185-இல் 65 சதவீதம் 120.25, மேலும் கீழும் சேர்த்து 240.5, 15 இன்ச் என்பது 381, மொத்தம் 621.5 மில்லிமீட்டர். 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டின் மேல் மாடல்களில் இது வந்தது. அதே காரின் கீழ் மாடலில் வந்த 165/80 ஆர் 14-ஐக் கணக்கிட்டால் 619.6. ரிம் ஒரு இன்ச் மாறியும் கம்பெனி உயரத்தை மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். இதே வழியில் 195/55 ஆர் 16 போட்டால் 620.9.

சிட்டியில் பரவலாக வந்த 175/65 ஆர் 15 இதைவிடச் சிறியது, 608.5. ஸ்விஃப்ட்டில் போட்டால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 98-ஐ ஒட்டி இருக்கும், வண்டியும் 6.5 மில்லிமீட்டர் தாழும். அதை விட முக்கியம் பாரம். டயரில் அளவுக்கு அடுத்து வரும் எண் 84 என்றால் அந்த டயர் 500 கிலோ தாங்கும். 88 என்றால் 560. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது. வீலின் பின்புறத்திலும் அதிகபட்ச பாரம் பொறித்திருக்கும். பாரமும் பொறிக்காமல், ஜே.டபிள்யூ.எல். போன்ற சோதனை முத்திரையும் இல்லாமல் வரும் மலிவு வீலைத் தொடாதீர்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கம்பெனி உங்கள் மாடலுக்குக் கொடுத்த அளவுகளுக்குள் நின்றுகொண்டு, இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பின்னால் தலைவலி இல்லை.

உப்புக்காற்று செய்யும் வேலை

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை இந்தக் கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு ஒரு தனிக் கவலை உண்டு. ஹப் இரும்பு, அலாய் வீல் அலுமினியம். நடுவில் உப்பு ஈரம் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்யும். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அந்தப் பொடி இரண்டு முகங்களையும் பிரிக்கிறது, நடு ஓட்டையில் வீலை இறுக்கிப் பூட்டிவிடுகிறது. நட்டு நான்கையும் கழற்றிய பின்னும் வீல் அசையாமல் நிற்கும். அப்போது பின்பக்கமிருந்து மரக்கட்டை வைத்து, ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்று மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். சுத்தியலால் நேராக அடித்தால் ரிம்மில் விரிசல் விழலாம்.

பழைய வீல் வாங்கும்போதே இந்த அரிப்பைப் பார்த்துவிடலாம். டயரைக் கழற்றச் சொல்லி, டயர் விளிம்பு அமரும் பள்ளத்தில் விரலை ஓட்டுங்கள். கரகரவென்று வெள்ளை செதில் தட்டினால், எத்தனை முறை காற்றடித்தாலும் இரண்டு நாளில் இறங்கும் வீல் அது. ஆரங்களின் பின்புறம் முடி போன்ற கோடு, வெல்டிங் அடையாளம், மேலே புதுப் பெயின்ட் என்று மூன்றும் சேர்ந்திருந்தால் பேரமே பேசாமல் வந்துவிடுங்கள்.

மாட்டும் முன் ஹப் முகத்தையும் குமிழையும் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியத் தேய்க்க வேண்டும். குமிழின் மேல் மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவலாம். ஸ்டட்டில் தடவாதீர்கள். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று ஸ்டட் முழுக்க கிரீஸ் அப்புவது இங்கே பழக்கமாகிவிட்டது. வழுக்கும் மரையில் அதே முடுக்கில் ஸ்டட் அளவுக்கு மீறி நீளும், சில நேரம் ஒடியும். முகத்திலும் நட்டு அமரும் குழியிலும் கிரீஸ் கூடவே கூடாது, உராய்வைத்தானே நம்பியிருக்கிறோம்.

அரிச்சல்முனை வரை போய் வந்தால் அன்றே வீலைக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற தெருவில் அதிலேயே கழுவுவதில் பயனில்லை. நல்ல தண்ணீரைக் குடத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் ஊரில் காருக்கு ஊற்ற மனம் வராதுதான். அரை வாளியில் துணியை நனைத்து ஆரத்தின் பின்பக்கம் வரை துடைத்தால் போதும்.

மாட்டும் நாளில்

வீலைத் தூக்கி ஹப்பில் வைத்து, நட்டுகளைக் கையால் முதலில் சுற்றுங்கள். ஏர் கன் கையில் இருந்தாலும் முதல் ஐந்தாறு சுற்று கைதான். எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, ஜாக்கியை இறக்கிய பின் கடைசி முடுக்கு. நான்கு போல்ட் கார்களில் அது பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். உங்கள் காரின் சரியான எண் ஓனர் மேனுவலில் உண்டு. முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், 40 சென்டிமீட்டர் நீள வீல் ஸ்பேனரின் நுனியில் 25 கிலோ அழுத்தம் கொடுப்பது ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். காலால் ஏறி மிதித்தால் இதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி ஒரு முறை சரிபாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போய்த் திரும்பினால் அந்தத் தூரம் வந்துவிடும். இரண்டாம் முறையும் ஒரே நட்டு தளர்ந்திருந்தால் முடுக்கிவிட்டுப் போகாதீர்கள். அதன் மூக்கோ வீலின் குழியோ பொருந்தவில்லை.

கடைசியாக டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னி. அது இன்னும் பழைய ஸ்டீல் ரிம்தான், அதற்கு வேண்டியது பழைய கூம்பு நட்டு. புது வீலுக்கு உருண்டை மூக்கு நட்டு வாங்கியிருந்தால், ஸ்டெப்னிக்கு அது பொருந்தாது. பாம்பன் பாலத்துக்கு முன்னால் ராத்திரி பஞ்சரானால், கையில் நான்கு நட்டு இருந்தும் வீலை மாட்ட முடியாமல் நிற்க வேண்டியிருக்கும். பழைய நட்டுகளில் நான்கை ஒரு துணிப்பையில் கட்டி ஸ்டெப்னிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.